வானத்திலிருந்து விழுந்தது என்று நான் சொன்ன தூசி

நான் பிளாஸ்டிக் மூடி அளக்கிறவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவு. உள்ளே போனால் ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் மூடி, மூடி, மூடி. விட்டம் சரியா, உயரம் சரியா, திருகினால் வழுக்குகிறதா என்று பார்த்துத் தாளில் டிக் போட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதுதான் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பின்னால் ஓர் அதிகாரியிடம் ஆராய்ச்சி செய்கிறேன் என்று வாய் கூசாமல் சொல்லப்போகிறவன் நான்தான்.

அறிவியல் ஆசை எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில்தான் அதிக மார்க். கல்லூரி, அதற்கு மேல் படிப்பு, அப்புறம் ஆராய்ச்சி என்று மனசுக்குள் வரிசையாகக் கோட்டை கட்டி வைத்திருந்தேன். வீட்டில் டிப்ளமோ போதும், சீக்கிரம் வேலைக்குப் போ என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா முதலில் வயல் கூலிக்குப் போனவர், பிறகு கம்பெனி கேட்டில் லோடு இறக்கியவர். மகன் சட்டை கசங்காமல் வேலைக்குப் போய் வருவதே அவருக்குப் பெரிய கௌரவம். எனக்குத்தான் அது போதவில்லை.

கைபேசியில் இணையம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் என் பழைய ஆசைக்கு ஒரு குறுக்கு வழி திறந்தது. உலகத்தில் எதற்கெல்லாம் குழு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பாசி வளர்க்கிறவர்களுக்கு ஒரு குழு, எறும்புக் கூட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழு, மேகத்தைப் படம் எடுத்துப் பெயர் சொல்கிறவர்களுக்கு ஒரு குழு. யாரும் பட்டம் கேட்பதில்லை. பார்த்ததை ஒழுங்காக எழுதினால் போதும், பெரிய படிப்பு படித்தவர்கள்கூட உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். என் இங்கிலீஷ் அரைகுறை. தமிழில் எழுதிக் கைபேசியிலேயே மாற்றிப் போடுவேன். அப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, கடைசியில் ஒரு குழுவில் ஒட்டிக்கொண்டேன். அது விண்வெளித் தூசி சேர்க்கிறவர்களின் குழு.

விஷயம் இதுதான். வானத்திலிருந்து தினமும் தூசி விழுகிறது. விண்வெளியில் சுற்றுகிற துகள், காற்றில் உரசி உருகி, குட்டி உருண்டையாக இறுகி, யாருக்கும் தெரியாமல் நம் தலையிலும் மாடியிலும் வந்து உட்காருகிறது. மணலை விடச் சின்னது. பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும். மொட்டைமாடியைப் பெருக்கி, அந்தக் குப்பையைத் தண்ணீரில் அலசிக் காய வைத்து, காந்தத்தை பாலித்தீன் கவரில் சுற்றி அதன்மேல் ஓட்டினால் ஒட்ட வேண்டியது ஒட்டும். பிறகு நுண்ணோக்கியில் வைத்துத் தேட வேண்டும். முழு மாடிக்கு ஒன்றிரண்டு கிடைத்தாலே பாக்கியம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் கண்ணால் படித்தேன், மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

பாரிமுனைப் பக்கம் போய்ப் பழைய நுண்ணோக்கி ஒன்று வாங்கி வந்தேன். ஏதோ கல்லூரி கழித்துக்கட்டியது. என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல மாவு அரைக்க முடியுமா?" என்று கேட்டாள். அவள் குத்தல் எனக்குப் பழக்கம்தான். மறுநாள் விடிந்ததும் விளக்குமாற்றோடு மாடிக்குப் போனேன். பெருக்கி, அலசி, காய வைத்து, காந்தத்தை ஓட்டினால், எடுத்த எடுப்பில் காந்தம் முழுக்கக் கறுப்பு. ஒரு சிட்டிகையைக் கண்ணாடியில் தூவி லென்ஸைத் திருகினேன்.

உருண்டைகள். ஒன்றல்ல, இரண்டல்ல, பார்த்த இடமெல்லாம். கறுகறுவென்று, பளபளவென்று, கடுகைப் பாலிஷ் போட்டு வைத்த மாதிரி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அழுதேவிட்டேன். முப்பத்தெட்டு வயசில், லுங்கி கட்டிக்கொண்டு, பல் கூட விளக்காமல், கோடிக்கணக்கான வருஷம் வயசான ஒரு பொருளை என் மாடியில் கண்டுபிடித்துவிட்டேன் என்று அழுதேன்.

இப்போது எங்கள் தெரு எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தெருவின் பின்பக்கம் ஒரு கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மதில். மதிலுக்கு உள்ளே பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடுகிற மில். அதன் புகைபோக்கி எங்கள் மாடியிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தெரியும். படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அது பொய். புரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

படங்களைக் குழுவில் போட்டேன். குழுவை நடத்துகிறவர் ஏதோ குளிர் தேசத்தில் இருக்கிற ஓய்வு பெற்ற மனிதர். யார் எதைப் போட்டாலும் பொறுமையாகப் பார்த்து, இது உண்மை, இது இல்லை என்று சொல்வார். உண்மை என்றால் அதற்கு ஓர் எண் கொடுத்துப் பட்டியலில் சேர்ப்பார். அந்த எண்ணுக்கு நான் எப்படி ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உருக்காலையோ வெல்டிங் பட்டறையோ இருக்கிறதா என்பது. இல்லை என்று எழுதினேன். சுற்றிலும் நெல் வயல் என்று எழுதினேன். மேற்குப் பக்கம் பார்த்தால் வயல் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று ஒரு படமும் எடுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு முழு மில்லையே மறைத்தேன்.

தெருவில் பேச்சு பரவிவிட்டது. ஆட்கள் வந்து பார்த்தார்கள். சயின்டிஸ்ட்டு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள், போகப் போக அதுவே பெயராகிவிட்டது. மளிகைக் கடையில் நின்றால், "சயின்டிஸ்ட்டுக்கு முதல்ல குடு" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

பார்க்க வந்தவர்களில் அடுத்த வீட்டுப் பெண்மணியும் ஒருத்தர். என்னை விட ஏழெட்டு வயசு சின்னவர். கணவர் ஒரு டயர் குடோனில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர்கள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சபைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். ஆறு வயசில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு மூச்சிரைப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் நெஞ்சு கீ கீ என்று கத்துவது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ரம்ஜான் நோன்புக்கு எங்கள் வீட்டுக் கஞ்சி, கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம், ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றால் என் வண்டி, இப்படித்தான் எங்கள் உறவு.

குழந்தையைத் தூக்கி நுண்ணோக்கியில் காட்டினார். பிறகு அவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "இதுவாண்ணா எம் பொண்ணு மூச்சுல போவுது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? சூரியன் எப்படி உண்டானது என்று பாடம் எடுத்தேன். இது சாதாரணத் தூசி இல்லை, பூமியை விட வயசானது, உங்கள் தலையில் விழுந்தால் நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது தன் கஷ்டத்தைச் சொன்னார். சனிக்கிழமை வெள்ளைப் புடவையைத் துவைத்து மாடியில் போட்டால், எடுக்கும்போது பொட்டுப் பொட்டாகத் துருக்கறை. ஈரத்துணியில் ஒட்டின தூசி அப்படியே துருப்பிடித்துவிடுகிறது, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை என்றார். மனுஷனாக இருந்தால் அங்கே சுரீரென்று உறைத்திருக்க வேண்டும். எனக்கோ, இவர் மாடியில் இன்னும் அதிகமாகக் கிடைக்கும் போலிருக்கிறதே என்றுதான் தோன்றியது. பெருக்குகிற தூசியைக் கொட்டிவிட வேண்டாம், எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். வாரா வாரம் ஓர் ஊறுகாய் டப்பா நிறைய மூடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு குடும்பம் சுவாசிக்கிறதை டப்பாவில் வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்கினேன்.

எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மனு எழுதினார்கள். மில்லில் புகையை வடிகட்டுகிற மிஷினை ஒழுங்காக ஓட்டச் சொல்லி. முதல் கையெழுத்து அடுத்த வீட்டுப் பெண்மணியுடையது. என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். ஆராய்ச்சி முடியட்டும், முடிவு தெரியாமல் கையெழுத்துப் போடுவது முறையல்ல என்று சொன்னேன். அவர்கள் அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு திங்கட்கிழமை, இரண்டு பஸ் மாறி, அரை நாள் வேலையை விட்டுவிட்டு, திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறோம் என்று சொன்னார்களாம். அவர் வந்து சொல்லும்போது முகமெல்லாம் சந்தோஷம். அவங்க வரும்போது நீங்க உங்க லென்ஸு மிஷினை வெச்சுக் காட்டுங்கண்ணா, படிச்சவங்க சொன்னா எடுபடும் என்றார்.

அந்த வாரமே சனிக்கிழமை குழுவிலிருந்து பதில் வந்தது. நான் எழுதியிருந்ததற்கெல்லாம் சேர்த்து நீளமாக எழுதியிருந்தார் அந்தப் பெரியவர். கோபமே இல்லாத எழுத்து. உங்கள் ஒரு சிட்டிகையில் நூற்றுக்கணக்கில் உருண்டை இருக்கிறது, வானம் அவ்வளவு தாராளமாகக் கொடுப்பதில்லை என்றார். மேற்பரப்பைப் பார்த்தாலும், உள்ளே பொள்ளலாக இருப்பதைப் பார்த்தாலும் இது உலையிலிருந்து வந்தது, சந்தேகமே இல்லை. உருக்காலை இல்லை என்கிறீர்கள், மறுபடி சுற்றிப் பாருங்கள். கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தார். இனிமேல் கூட்டும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள், இது பெரிதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது, கூடவே தெரியாத பொடியும் இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் மிகவும் கவனம்.

மூன்று தரம் படித்தேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பெரியவர் மேல் எனக்கு வந்தது கோபம். எங்கேயோ பனியில் உட்கார்ந்துகொண்டு என் மாடியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் திட்டினேன். என் மாடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட நான் தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் உண்மை. சனி போச்சு, ஞாயிறு போச்சு, திங்கள் போச்சு. யாரிடமும் மூச்சுவிடவில்லை. மனைவி ஏன் முகம் செத்துக் கிடக்கிறது என்று கேட்டதற்கு, ஷிஃப்ட்டில் பேஜார் என்றேன்.

செவ்வாய்க்கிழமை மனுவை விசாரிக்க அதிகாரி வந்தார். எனக்கு மத்தியான ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தேன். கூட நோட்டு வைத்துக்கொண்டு ஓர் உதவியாளர். பின்னால் அடுத்த வீட்டுப் பெண்மணியும் மற்றப் பெண்களும். அடுத்த வீட்டுப் பெண்மணி புடவையைக் கொண்டுவந்து துருக்கறையைக் காட்டினார். குழந்தையின் மருந்துச் சீட்டுகளைக் காட்டினார். பிறகு, "இந்தாண்ட வாங்க சார், எங்கண்ணன் மிஷின் வெச்சுக் காட்டுவாரு" என்று என் வீட்டுக்குள் கூட்டிவந்தார்.

அதிகாரி குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. சார் என்ன பண்றீங்க என்று என்னைக் கேட்டார். சார். எங்கள் கம்பெனியில் என்னை சார் என்று கூப்பிட ஆளே இல்லை. அங்கே நான் மூடி. ஆராய்ச்சி பண்றேன் சார், சர்வதேசக் குழு ஒன்றில் இருக்கிறேன் என்று சொன்னேன். அலமாரியில் தேதி ஒட்டி அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தார். உண்மையிலேயே மதிப்போடு பார்த்தார். அப்புறம் கேட்டார், இது என்ன என்று.

என் சட்டைப் பையில் கைபேசி இருந்தது. அதற்குள் அந்தப் பதில் இருந்தது. இடப்பக்கம் அடுத்த வீட்டுப் பெண்மணி புடவையை மார்போடு பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இரும்பு உலைத் தூசி என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொன்னால் நான் யார்? மூன்று மாசமாக மில் குப்பையை அலசி அலசிப் பார்த்துக் கண்ணீர் விட்ட ஒரு கோமாளி.

"விண்வெளித் தூசி சார். வானத்துலருந்து விழறது" என்றேன்.

"மில்லுத் தூசி இல்லைன்னு உறுதியா சொல்றீங்களா?"

"உறுதிதான் சார்."

உதவியாளர் எழுதிக்கொண்டார். அதிகாரி கைகொடுத்துவிட்டுப் போனார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்மணி மட்டும் ஒரு நொடி நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு புடவையை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் குத்தலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று, "அந்தாளு கேக்கசொல்ல வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தே? அந்தக் கொழந்த மூஞ்ச பாத்துமா அப்டி சொன்னே?" என்றாள். நேராகப் போய் அந்தம்மாவிடம் சொல்லிவிட்டு வா, அப்புறம் சோறு போடுகிறேன் என்றாள். நான் போகவில்லை. கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கோழைக்கு எப்போதும் ஒரு ஷிஃப்ட் இருக்கும்.

குழுவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறினேன். நுண்ணோக்கிக்கு உறை போட்டேன். மூன்று வாரம் கழித்து மனுவுக்குப் பதில் தபாலில் வந்தது. முதல் கையெழுத்து அடுத்த வீட்டுப் பெண்மணியுடையது என்பதால் அவர் பெயருக்கு வந்தது. அதில் நான் இருந்தேன். அப்பகுதியில் வசிக்கும் ஆர்வலர் ஒருவர், மேற்படி துகள்கள் விண்வெளியிலிருந்து விழுபவை என ஆய்வின்போது உறுதிபடத் தெரிவித்ததால் மேல் நடவடிக்கை தேவைப்படவில்லை என்று எழுதியிருந்தது. அந்தத் தாளைத் தெருவில் எல்லோரும் வாங்கிப் படித்தார்கள். ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மளிகைக் கடையில் வழக்கம்போல, சயின்டிஸ்ட்டுக்கு முதலில் கொடு என்றார்கள். கடைக்காரர் கொடுத்த பையை வாங்கிக்கொண்டு சில்லறையைக்கூட எண்ணாமல் கிளம்பினேன்.

அதற்கடுத்த வாரம், வேலை முடிந்து வரும்போது அடுத்த வீட்டு வாசலில் ஆட்டோ. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். குழந்தையின் தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி ஏறி இறங்கியது. அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் போயிருந்ததால் என் வண்டி வாசலில் சும்மா நின்றது. எப்போதும் என்னைக் கூப்பிடுகிறவர் அன்றைக்குக் கூப்பிடவில்லையே என்று நினைத்தேன், பிறகுதான் நான் வேலைக்குப் போயிருந்தது உறைத்தது. எதைப் பார்த்தாலும் குற்றவாளிக்கு அப்படித்தான் தோன்றும். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த நான்கு நாளும் அவர்கள் வீட்டு மாடியை என் மனைவிதான் ஈரத்துணி போட்டுத் துடைத்தாள்.

ஐந்தாம் நாள் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் அடுத்த வீட்டுக்குப் போனேன். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அவர் உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினார். நான் பாதி உண்மையைத்தான் எடுத்துப் போயிருந்தேன். அன்றைக்கு அதிகாரியிடம் சொன்னது தவறு, இப்போதுதான் சரியாகத் தெரிந்தது, அது மில்லுத் தூசிதான் என்று சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். ஏளனமாக இல்லை, சாதாரணமாகத்தான்.

"அது எனுக்குத் தெரியும்ணா. பொங்கலுக்கு நாலு நாளு மில்லு லீவு. நீங்க ஆர்.கே.பேட்டைக்கு மாமியாரு ஊட்டுக்குப் போயிருந்தீங்க. நான் தெனம் மாடிய கையால தொட்டுத் தொட்டுப் பாத்தேன், ஒண்ணுமே ஒட்டல. புடவைய காய வெச்சேன், ஒரு பொட்டு இல்ல. அஞ்சாம் நாளு மில்லு ஓட ஆரம்பிச்சதும் மறுபடி கறுப்பு. வானத்துக்கும் பொங்கல் லீவு உட்டாங்களா இன்னா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. லென்ஸ், காந்தம், சல்லடை, தேதி ஒட்டின டப்பா, சர்வதேசக் குழு எல்லாம் என்னிடம் இருந்தது. மில் ஓடாத நாளில் பார்க்க வேண்டும் என்ற யோசனை மட்டும் இல்லை. அதைச் செய்தது கையால் தொட்டுப் பார்த்த இந்த அம்மாள். ஆராய்ச்சி என்றால் அதுதானே ஆராய்ச்சி.

அன்றைக்கே இதை அதிகாரியிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"நீங்க அவ்ளோ ஆசையா சொல்லிக்கினு இருந்தீங்க. நாலு பேரு முன்னாடி எங்கண்ணன் சொல்றது பொய்யின்னு எப்டி சொல்றது? அதுவுமில்லாம நீங்க மிஷின்ல பாத்தவரு, நான் கையால பாத்தவ. அவரு யாரு பேச்ச எடுத்துப்பாரு?"

தன் குழந்தையின் மூச்சு ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். அந்த ஒரு நொடியில் என் மானத்தை நம்பி அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அண்ணன் தெரியாமல் சொல்கிறார், தெரிந்தால் தானே வந்து திருத்துவார் என்று நினைத்திருக்கிறார். நான் திருத்த வந்த லட்சணம் இது, பாதி உண்மையோடு.

புதுசாக ஒரு மனு எழுதலாம், நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் பெண்ணின் பள்ளி நோட்டிலிருந்து கோடு போட்ட தாளைக் கிழித்துக் கொண்டுவந்தார். பேனா என்னிடமே இருந்தது. நான் எழுத எழுத அவர் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டே வந்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் இந்தத் தூசி வானத்திலிருந்து விழுவது என்று கூறினேன், அது உண்மையல்ல, இது பின்னால் உள்ள உருக்காலையிலிருந்து வருவது என்று எழுதினேன். பொங்கல் விடுமுறையில் அவர் பார்த்ததையும் அவர் பெயரிலேயே எழுதினேன்.

அவர் விரலை வைத்து அந்த முதல் வரியைக் காட்டினார். "இங்க, தெரியாம கூறினேன்னு ஒரு வார்த்த போட்டுக்குங்கண்ணா. உங்களுக்கும் எந்தத் தொந்தரவும் வராது."

அவர் சொன்னபடி எழுத ஆரம்பித்தேன். 'தெரியா' வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் கை ஓடவில்லை. 'மல்' என்று இரண்டே எழுத்து. அதை எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது, தெருவில் என் பெயரும் பிழைத்தது. அவரே மனசாரக் கொடுக்கிற மன்னிப்பு அது. எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்று உள்ளே ஒரு நாய் குரைத்தது. ஒரு நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன், அதையும் மறைக்கக் கூடாது.

"இன்னாண்ணா?"

"தெரிஞ்சேதாம்மா சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. கைபேசியை எடுத்தேன். குழுவை விட்டு ஓடினவன், அந்தப் பதிலை மட்டும் அழிக்காமல் படம் பிடித்து வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அதைத் தமிழில் படித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். கடைசி வரியையும் படித்தேன், வீட்டில் குழந்தைகள் இருந்தால் மிகவும் கவனம் என்று.

"இது எந்தக் கிழமை வந்துது?"

"சனிக்கிழமை."

"அவரு வந்தது செவ்வாக்கிழமை" என்றார் அவர். கேள்வி இல்லை.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு எழுந்து போயிருப்பேன். தாளைக் கிழித்து மூஞ்சியில் எறிந்திருந்தாலும் சரி. அவர் உள்ளே போய்க் குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு, திரும்பி வந்து நின்றார். எழுதினதை அடித்துவிட்டு நடந்ததையே எழுதச் சொன்னார். 'தெரியா' என்பதை அடித்தேன். மேலே 'தெரிந்தே' என்று எழுதினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் தெரிந்தே கூறினேன். அவர் விரலை வைத்து மெதுவாக ஒருமுறை படித்தார்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

காதில் தப்பாக விழுந்தது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன், விலாசம் எழுதினேன். திங்கட்கிழமை திருவள்ளூருக்கு நானும் வருகிறேன், அந்த அதிகாரி முன்னால் நானே சொல்கிறேன் என்றேன். அவர் தாளை வாங்கி, மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து பாலித்தீன் கவரில் வைத்தார்.

"வேணாம் சார். எழுதிக் குடுத்துட்டீங்க இல்ல, நாங்களே போய்க்கிறோம்" என்றார்.